பழைய சி.ஆர்-வி ஆட்டோமேட்டிக்: கியர் ஆயிலைத் தொடலாமா, அப்படியே விடலாமா?

நொய்யல்காரன்:

வணக்கம் நண்பர்களே. 2010 மாடல் ஹோண்டா சி.ஆர்-வி ஒன்று வாங்கியிருக்கிறேன். 2.4 பெட்ரோல், ஆட்டோமேட்டிக், நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வண்டி. மீட்டர் 1,12,000 காட்டுகிறது. சர்வீஸ் புத்தகத்தில் 60,000 வரைதான் முத்திரை இருக்கிறது, அதிலும் கியர் ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை.

என்ஜின் ஜம்மென்று இருக்கிறது. ஆனால் காலையில் முதல் தடவை ரிவர்ஸ் போட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு 'டக்'கென்று பிடிக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது முதுகில் லேசாக ஒரு தள்ளு. எங்கள் ஏரியா மெக்கானிக், "இத்தனை வருஷம் மாத்தாத ஆயில இப்ப மாத்தினீங்கன்னா பாக்ஸ் போயிடுங்க சார்" என்கிறார். இன்னொரு இடத்தில், மெஷின் மாட்டி மொத்த ஆயிலையும் ஃபிளஷ் செய்து தருகிறோம், ஒரு மணி நேர வேலை என்கிறார்கள்.

யார் பேச்சைக் கேட்பது? அடுத்த மாதம் குடும்பத்தோடு குன்னூர் ஏற வேண்டியிருக்கிறது. கியர் ஆயில் அளவு பார்க்கும் குச்சி, அந்த டிப்ஸ்டிக், எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

குழியில் நிற்பவன்:

மாற்றுவதா வேண்டாமா என்பது அப்புறம். முதலில் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். அதைப் பார்க்காமலேயே இரண்டு பேரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

உங்கள் வண்டியில் டிப்ஸ்டிக் உண்டு. பானெட்டைத் திறந்து முன்னால் நின்று பார்த்தால் சட்டென்று தெரியாது, கியர்பாக்ஸ் மேலேயே தாழ்வாக ஒளிந்திருக்கும். வண்டியின் இடது பக்கம், பேட்டரிக்கும் ஏர் ஃபில்டர் குழாய்க்கும் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். சின்ன மஞ்சள் வளையம் ஒன்று தெரியும். தூசி படிந்து கறுத்திருந்தால் துடைத்தால்தான் மஞ்சள் என்றே தெரியும். சுற்றிலும் நன்றாகத் துடைத்துவிட்டு உருவுங்கள். ஒரு மண் துகள் உள்ளே விழுந்தாலும் நல்லதில்லை.

அளவு பார்க்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஹோண்டாவில் இப்படி: வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஏ.சி.யை அணைத்துவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும் வரை என்ஜின் ஓடட்டும். பிறகு என்ஜினை நிறுத்துங்கள். நிறுத்தி 60 நொடிக்கு மேல், 90 நொடிக்குள் உருவிப் பார்க்க வேண்டும். முதலில் உருவித் துடைத்து, முழுசாக உள்ளே செருகி, மறுபடி உருவினால் வருவதுதான் கணக்கு. மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

ஆயில் சூடானால் விரியும். ஆறிய வண்டியில் பார்த்துவிட்டுக் குறைவு என்று ஊற்றினால் சூட்டில் கோட்டைத் தாண்டிவிடும். அளவு கூடினால் உள்ளே சுற்றுகிற பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரையில் பிரஷர் நிற்காது. குறைந்தாலும் பம்ப் காற்றை உறிஞ்சி அதே கதைதான். ரிவர்ஸ் தாமதமாகப் பிடிப்பதற்கு அளவு குறைவே காரணமாக இருக்கலாம்.

ஒரு துளியை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் படம் எடுத்துப் போடுங்கள். மோந்தும் பாருங்கள்.

திருப்பூர் பனியன்:

அந்த ஏரியா மெக்கானிக் சொல்வதை அவ்வளவு சுலபமாகத் தள்ளாதீர்கள். எங்கள் மாமா ஒரு பழைய எஸ்.யூ.வி. வைத்திருந்தார் (கம்பெனி பெயர் வேண்டாம்). லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, ஒரு குறையும் இல்லை. ஊட்டி போகும் முன் எல்லாம் சரி பண்ணிவிடலாம் என்று மெஷின் வைத்து ஃபிளஷ் செய்தார். பத்து நாளில் டாப் கியரில் ஸ்லிப் ஆக ஆரம்பித்தது. கடைசியில் பாக்ஸை இறக்கிப் பிரித்ததில் வண்டி விலையில் கால்வாசி போயிற்று. ஓடுகிற வண்டியைச் சீண்டாதே என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

குழியில் நிற்பவன்:

உங்கள் மாமா வண்டிக்கு நடந்தது உண்மைதான். நானும் அந்த மாதிரி வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பழியை எதன் மேல் போடுவது என்பதில்தான் வித்தியாசம்.

ஆட்டோமேட்டிக்கில் ஆயிலுக்கு மசகு வேலை மட்டுமில்லை. கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கிற பிரஷரும் அதுதான், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான். தட்டுகள் எவ்வளவு வழுக்கிப் பிறகு பிடிக்க வேண்டும் என்பதைக்கூட ஆயிலில் கலந்த ரசாயனம்தான் தீர்மானிக்கிறது. வருஷக்கணக்கில் மாற்றாவிட்டால் அந்த ரசாயனம் தீர்ந்துபோகும், தட்டுகளிலிருந்து தேய்ந்த பொடி ஆயிலில் கலந்து மிதக்கும். மெஷின் வைத்து வேகமாகத் தள்ளும்போது மூலைமுடுக்கில் படிந்த அழுக்கு கிளம்பி, ஆயிலை எந்த கிளட்ச்சுக்கு அனுப்புவது என்று திருப்பிவிடும் வால்வ் பாடியின் நுண்ணிய வழிகளில் போய் அடைக்கலாம். தட்டு ஏற்கெனவே தேய்ந்து, பழைய ஆயிலில் எப்படியோ பிடித்துக்கொண்டிருந்த பாக்ஸாக இருந்தால் புது ஆயிலில் வழுக்கும். இது இரண்டும் இல்லாவிட்டால் மூன்றாவது: அந்த மெஷினில் இருந்தது உங்கள் மாமா வண்டிக்கு உரிய ஆயில்தானா? எல்லா வண்டிக்கும் ஒரே பீப்பாய் என்றால் அதிலேயே பாதி விஷயம் முடிந்தது.

நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்குக் கியர் ஆயில் ஞாபகம் வருவதே வண்டி ஜெர்க் அடிக்க ஆரம்பித்த பிறகுதான். அப்போது மாற்றினால் பாக்ஸ் போகத்தான் செய்யும். மாற்றாவிட்டாலும் போயிருக்கும்.

அதற்காக எந்த நிலையிலும் மாற்றலாம் என்று சொல்ல மாட்டேன். ஆயில் கறுத்து, கருகிய வாடை அடித்து, ஆக்ஸிலேட்டர் மிதித்தால் ஆர்.பி.எம். மட்டும் ஏறி வண்டி நகராமல் இருந்தால், புது ஆயில் பணம் வீண். அதை பாக்ஸ் பிரிக்கும் செலவுக்கு எடுத்து வைக்கலாம்.

வன்னி மைந்தன்:

இலங்கையிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே நிசான் எக்ஸ்-ட்ரெயில் ஹைபிரிட், ஹொண்டா வெசல் எல்லாம் ஜப்பானில் பாவித்த வாகனங்களாகத்தான் வந்து இறங்கின. எங்கட வீட்டு எக்ஸ்-ட்ரெயில் டி32, சி.வி.டி. கியர்பொக்ஸ், அதாவது கியர் படிகளுக்குப் பதில் பட்டியும் புல்லியும் உள்ளது. அதற்கு என்.எஸ்-3 என்ற ஒயில் மட்டும்தான். அதற்கு முந்திய டி31-க்கு என்.எஸ்-2. இரண்டும் சாதாரண ஆட்டோ கியர் ஒயில் இல்லை. சி.வி.டி.யில் இரும்புப் பட்டி புல்லியைக் கவ்விப் பிடித்து ஓட வேண்டும், அந்தப் பிடிமானத்தைக் கொடுப்பதே ஒயில்தான். "எல்லாம் சிவப்பு ஒயில்தானே" என்று ஊற்றிவிட்டு பிறகு பட்டி வழுக்கிக் கீறிப்போன கியர்பொக்ஸுகள் கராஜ்களில் கிடக்கின்றன.

மற்றது, அளவு பார்க்கிற முறையை ஒரு வாகனத்திலிருந்து மற்றதுக்குக் கொண்டுபோகாதீர்கள். அண்ணர் சொன்ன, என்ஜினை நிறுத்திவிட்டுப் பார்ப்பது ஹொண்டா முறை. டிப்ஸ்டிக் உள்ள ரொயோட்டாக்களில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியருக்கும் ஒருக்கால் போய் வந்து, 'பி'யில் விட்டு, ஒயில் சூடான நிலையில் 'ஹாட்' என்ற இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இப்பத்தைய வாகனங்கள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே இல்லை. கீழே ஒரு போல்ட்டைக் கழற்றினால் கூடின ஒயில் வழியும், மெல்லிய நூலாக வந்து நிற்கிற இடம் சரியான அளவு. ஆனால் அந்த நேரம் ஒயிலின் சூடு குறிப்பிட்ட அளவுக்குள் இருக்க வேண்டும், ஸ்கேனரில் பார்த்துச் செய்யிற வேலை. தெருவோரத்தில் செய்யிற வேலை இல்லை.

நொய்யல்காரன்:

மிக்க நன்றி. குழியண்ணா சொன்ன மஞ்சள் வளையம் கிடைத்துவிட்டது, அது இருக்கும் இடத்தில் கை நுழைவதே பெரும்பாடு. ஃபேன் சுற்றியபின் நிறுத்தி, கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். கீழ்க் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கிறது. டிஷ்யூவில் நடுவே கரும்பழுப்பு வட்டம், ஓரத்தில் மங்கிய சிவப்பு. கருகிய வாடை இல்லை, பழைய ஆயில் வாடைதான். விரலில் தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்று எதுவும் படவில்லை.

கீழே எட்டிப் பார்த்ததில் இடது பக்க ஆக்ஸில் கியர்பாக்ஸில் நுழையும் இடத்தில் ஈரப்பசை தெரிகிறது. கியர்பாக்ஸில் பழுது இருந்தால் மினுக்கும் 'டி' விளக்கு மினுக்கவில்லை. ஸ்லிப்பும் இல்லை.

குழியில் நிற்பவன்:

நல்ல செய்தி. பாக்ஸ் உயிரோடுதான் இருக்கிறது. நீங்கள் சொன்ன அந்த ஈரப்பசை ஆக்ஸில் ஆயில் சீல். அளவு குறைந்ததன் காரணம் அதுதான். முதலில் சீலை மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது ஆயிலும் ரோட்டுக்குத்தான் போகும். எப்படியும் ஆக்ஸிலை உருவ ஆயிலை இறக்க வேண்டியிருக்கும், ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம்.

ஃபிளஷ் மெஷின் வேண்டாம். இறக்கு, ஊற்று, ஓட்டு, மறுபடி இறக்கு. அவ்வளவுதான் முறை. ஹோண்டா பாக்ஸில் மற்ற ஆட்டோமேட்டிக் போலக் கீழே கழற்றும் தட்டு கிடையாது. உள்ளே மேனுவல் பாக்ஸ் போல இணையாகப் படுத்த ஷாஃப்ட்டுகள்தான், ஒவ்வொரு கியருக்கும் ஒரு கிளட்ச். அதனால் ஒரு டிரெயின் போல்ட்டோடு வேலை முடிகிறது. அந்த போல்ட்டின் தலையில் சதுரப் பள்ளம் இருக்கும், 3/8 அங்குல ராட்செட்டின் முனை நேராக அதில் உட்காரும், வேறு சாக்கெட் வேண்டாம். பக்கத்தில் என்ஜின் ஆயில் போல்ட் 17 எம்.எம். அறுகோணத் தலை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், என்ஜின் ஆயில் மாற்ற வந்த பையன் கியர் ஆயிலை இறக்கிவிட்டு, மேலே என்ஜினில் இன்னும் நாலு லிட்டர் ஊற்றி அனுப்பிய வண்டிகள் உலகம் முழுக்க உண்டு. பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஒரு தடவை இறக்கினால் இரண்டரை லிட்டருக்குப் பக்கத்தில்தான் வரும். மொத்தம் ஏறக்குறைய 7 லிட்டர், மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் (என்ஜினையும் பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கிற பாகம்) கிளட்ச்சுகளிலும் தங்கியிருக்கும். கணக்குப் போட்டால் முதல் தடவையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் புதுசு. இரண்டாவதில் பத்துக்கு ஏறக்குறைய ஆறு பங்கு, மூன்றாவதில் பத்துக்கு ஏழு பங்குக்கு மேல். மூன்றுக்கு மேல் போவது பணத்துக்குக் கேடு. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். பழசும் புதுசும் மெதுவாகக் கலக்கும், பாக்ஸுக்கும் அதிர்ச்சி இல்லை. இதில் இன்னொரு லாபம், முதல் தடவைக்குப் பிறகு ஏதாவது மோசமானால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மெஷினில் அந்த வசதி இல்லை.

இறங்கியதை அளவு ஜாடியில் ஊற்றிப் பாருங்கள். அதே அளவோடு, குறைந்திருந்த கொஞ்சத்தையும் சேர்த்து டிப்ஸ்டிக் துளை வழியாக நீளப் புனல் வைத்து நிதானமாக ஊற்றுங்கள். போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள், 18 எம்.எம். நசுங்குகிற வகை. முறுக்கம் 49 நியூட்டன் மீட்டர். அலுமினிய உறை, வீரத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

ஆயில்: உங்கள் வண்டி வந்த காலத்தில் ஹோண்டா இசட்-1 என்று ஊற்றினார்கள். அது நின்றுபோய் அதன் இடத்தில் டி.டபிள்யூ-1 வந்துவிட்டது. பழைய பாக்ஸுக்கும் அதையே ஊற்றலாம். ஷோரூம் பார்ட்ஸ் கவுன்டரில் பில்லோடு வாங்குங்கள். எந்தக் கடையிலும் கிடைக்கிற பொதுவான ஆட்டோமேட்டிக் ஆயில் வகையான டெக்ஸ்ரான் ஊற்றினாலும் ஓடும் என்று கடைக்காரர் சொல்லுவார். பழைய ஹோண்டா கையேடுகளில் அவசரத்துக்கு டெக்ஸ்ரான்-3 ஊற்றலாம் என்றே இருந்தது. ஆனால் அவசரத்துக்கு மட்டும், பிறகு சரியானதை மாற்றிவிட வேண்டும் என்ற வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தேய்ரா டீக்கடை:

துபாயிலிருந்து. அந்த டிஷ்யூ சோதனையில் இன்னொரு நிறத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே தூக்கு வண்டியில் ஏற்றுங்கள். ரேடியேட்டருக்குள்ளேயே கியர் ஆயில் கூலர் வைத்த வண்டிகளில் உள்சுவர் ஓட்டையானால் கூலன்ட்டும் ஆயிலும் கலந்துவிடும். 2005-லிருந்து 2010 வரை வந்த நிசான் எக்ஸ்டெர்ரா, பாத்ஃபைண்டர் வண்டிகள் அமெரிக்காவில் இதற்குப் பேர்போனவை, அங்கே வழக்கு வரை போய் ரேடியேட்டர் வாரண்டியை நீட்டினார்கள். கூலன்ட்டில் உள்ள தண்ணீரும் கிளைக்கால் என்ற ரசாயனமும் பட்டால் கிளட்ச் தட்டில் ஒட்டிய பொருள் உரிந்து வந்துவிடும், ஆயிலை மாற்றி மட்டும் காப்பாற்ற முடியாது. பழைய எக்ஸ்டெர்ரா வாங்குகிறவர்கள் ரேடியேட்டரை முதலில் மாற்றுவார்கள், அல்லது கூலரைத் தனியாக வெளியே மாட்டிவிடுவார்கள்.

நொய்யல்காரர் வண்டி பழுப்புதான், இந்தக் கவலை இல்லை. பழைய வண்டி தேடுகிற மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

திருப்பூர் பனியன்:

சரி, இறக்கி ஊற்றுவதை ஒப்புக்கொள்கிறேன். ஃபிளஷ் விஷயத்தில் நானும் நீங்களும் ஒரே கட்சி என்று இப்போதுதான் தெரிகிறது. ஆனால் ஒரு கேள்வி. கம்பெனியே சில வண்டிகளுக்கு 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை' என்று சொல்கிறதே, அவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிட்டது?

குழியில் நிற்பவன்:

பனியன் அண்ணே, அதே கம்பெனியின் கையேட்டில் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் 'கடினமான உபயோகம்' என்று ஒரு பட்டியல் பல வண்டிகளுக்கு இருக்கும். வெயில் கடுமையான ஊர், நின்று நின்று போகும் டிராஃபிக், மலை ஏற்றம், டிரெய்லர் இழுப்பது. அவிநாசி ரோட்டு டிராஃபிக்கும் சித்திரை வெயிலும் மேட்டுப்பாளையம் தாண்டி மலையும் ஒரே வண்டிக்கு வாய்த்தால் அந்தப் பட்டியலில் இல்லாமல் எதில் சேர்ப்பது? என் கணக்குக்கு நம் ஊரில் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறக்கி ஊற்றினால் போதும். அடிக்கடி மாற்றுவதை விட அடிக்கடி பார்ப்பது முக்கியம்.

நொய்யல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. சீல் மாற்றி, முதல் தடவை ஆயிலும் மாற்றியாயிற்று. டிரெயின் போல்ட்டின் நுனியில் காந்தம் இருக்கிறது, அதில் சாம்பல் நிறத்தில் களிம்பு போல ஒரு மொத்தை ஒட்டியிருந்தது. துடைத்துப் பார்த்தேன், செதிலோ கம்பித் துண்டோ இல்லை. ரிவர்ஸ் தாமதம் போயே போய்விட்டது. இரண்டு-மூன்று தள்ளு குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை.

புதுசாக ஒன்று கவனித்தேன். அடுக்ககப் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது பின்பக்கம் அடித் தொண்டையில் முனகுவது போல ஒரு சத்தம், வண்டி இழுத்துப் பிடிப்பது போலவும் இருக்கிறது. மெக்கானிக் பின் டிஃபரன்ஷியல் பேரிங் போய்விட்டது, கழற்ற வேண்டும் என்கிறார். அதுவரை 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்குமாம்.

குழியில் நிற்பவன்:

90 ஊற்ற விடாதீர்கள்! தனிப் பதிவாகவே போடலாம் இந்த விஷயத்தை.

காந்தத்தில் இருந்த களிம்பு சாதாரணத் தேய்மானம், இத்தனை கிலோமீட்டருக்கு அது இருக்கத்தான் செய்யும். மீதித் தள்ளு அடுத்த இரண்டு தடவையில் குறைகிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் பாக்ஸைப் பிரிக்கும் பேச்சுக்கு முன், வெளியிலேயே திருகியிருக்கும் கிளட்ச் பிரஷர் ஸ்விட்சுகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஹோண்டாவில் அவை பழுதாகி கியர் மாற்றம் முரடாவது அடிக்கடி பார்க்கிற விஷயம். மாற்றுவதும் சுலபம்.

இப்போது பின்பக்கம். உங்கள் வண்டியின் பின் டிஃபரன்ஷியலில் இரண்டு சின்ன பம்புகளும் ஒரு கிளட்ச் கட்டும் இருக்கின்றன. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும்போது கிளட்ச் பிடிக்காது. முன் சக்கரம் வழுக்கினால் பம்புகளுக்குள் வித்தியாசம் வந்து, அந்தப் பிரஷரில் கிளட்ச் பிடித்துப் பின்னுக்கு இழுவை போகும். முழுசாக ஒடித்துத் திருப்பும்போதும் முன்னுக்கும் பின்னுக்கும் வேக வித்தியாசம் வரும். ஆயில் கெட்டுப்போயிருந்தால் தட்டுகள் வழுக்கி விடாமல் விக்கி விக்கிப் பிடிக்கும். அந்த முனகல் அதுதான். இந்தத் தலைமுறை சி.ஆர்-வி.க்கு ரொம்பப் பழகிய நோய், பேரிங் வரை போக வேண்டியதே இல்லை.

ஹோண்டாவின் டூயல் பம்ப் ஃப்ளூயிட் என்று கேட்டு வாங்குங்கள், இப்போது அதில் 2 என்று போட்டது வருகிறது. ஒரு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும், இரண்டு பாட்டில் வாங்கினால் போதும். இதிலும் சதுரப் பள்ள போல்ட்டுகள்தான். இறக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் மேலே உள்ள ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கீழே இறக்கிவிட்டு மேலே இறுகிக் கிடந்தால் வண்டி அன்றைக்கு அங்கேயேதான். துளை வரை ஊற்றி வழிந்ததும் மூடிவிட்டு, காலி மைதானத்தில் இடமும் வலமுமாக வட்டமடியுங்கள். முனகல் உடனே போகும், அல்லது கொஞ்ச தூரத்தில் போகும்.

90 ஊற்றினால் அந்தக் கெட்டி ஆயில் பம்புகளுக்குப் போதும் போதும் என்றாகி கிளட்ச் வீணாகும். அப்புறம் மெக்கானிக் சொன்னபடியே கழற்ற வேண்டித்தான் வரும்.

வன்னி மைந்தன்:

ஒரு இணைப்பு. நாலு சக்கர இழுவை வாகனம் வழியில் நின்றால் முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்துக்கொண்டு போக விடாதீர்கள். நாலையும் தூக்கி ஏற்றுகிற லொறிதான் வேண்டும்.

நொய்யல்காரன்:

டூயல் பம்ப் ஆயில் ஷோரூமில் ஆர்டர் கொடுத்துவிட்டேன், நாலைந்து நாளில் வருமாம். குழியண்ணா, கடைசிக் கேள்வி. குன்னூர் பயணத்துக்கு முன் இரண்டாவது தடவையும் மாற்றிவிட வேண்டுமா, இல்லை வந்த பிறகா?

குழியில் நிற்பவன்:

வந்த பிறகு மாற்றுங்கள். மலை ஏறி இறங்கினால் உள்ளே படிந்தது நன்றாகக் கலந்து வரும். பின்பக்கத்தை மட்டும் போகும் முன் முடித்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் முனகல் கேட்டால் வீட்டில் உள்ளவர்கள் உங்களை நிம்மதியாக ஓட்ட விட மாட்டார்கள். இறங்கும்போது 'டி'யிலேயே விட்டு பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் 2-ல் போட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் ஆக்ஸில் சீல் பக்கம் ஈரம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதுங்கள். இறக்கின பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் அடைத்து வொர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிடுங்கள், அவர்கள் கழிவு ஆயில் எடுக்க வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள்.